என் வாட்சைப் போட்டுக்கொண்டு ஓய்வெடுத்தது யார்?

நான் சந்தேகப்படுகிறவன். வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன். இருபது வருடத்துக்கு மேலாகக் கணக்கு வாத்தியாராக இருப்பவனுக்கு வேறு குணம் வர வழியில்லை. விடை சரியாக இருந்தால் யாரைப் பார்த்து எழுதினான் என்று தோன்றும். தப்பாக இருந்தால், யாரைப் பார்த்து எழுதினாலும் இப்படி வராதே என்று தோன்றும். தக்காளி வாங்கும்போது தராசைப் பார்க்க மாட்டேன், கடைக்காரரின் விரலைப் பார்ப்பேன். வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்ப்பேன் (நாலாவது முறை, தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து).

இப்படிப்பட்ட நான் வாழ்க்கையில் ஒரே ஒரு பொருளை மட்டும் துளியும் சந்தேகப்படாமல் நம்பினேன். அது என் இடது மணிக்கட்டில் இருந்தது. அதன் பேச்சைக் கேட்டு ஒரு நல்ல மனிதரைக் கூட்டத்தில் வைத்து அவமானப்படுத்தினேன். அதுவும் யாரை? எனக்குப் பெண் கொடுத்தவரை.

நாலைந்து வருடத்துக்கு முன்பு, சர்க்கரை நோய் என் வாசலில் நின்று "உள்ளே வரலாமா?" என்று கேட்டுக்கொண்டிருந்த சமயம். டாக்டர் எட்டு கிலோ குறைக்கச் சொன்னார். என் மனைவி சகாயமேரி நாங்கள் இருக்கும் தஞ்சாவூரிலேயே ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். "ராத்திரி சோத்தைக் குறைங்க, சாயங்காலம் நடங்க, போதும்" என்றாள். இவ்வளவு சுலபமான வழியை நான் எப்படி நம்புவேன்? தெற்கு வீதியில் ஒரு கடைக்குப் போய், இதயத் துடிப்பு, தூக்கம், நடை, கலோரி என்று எல்லாவற்றையும் எண்ணும் ஒரு வாட்சை வாங்கி வந்தேன்.

அன்று மாலை மேரியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அதைப் போனோடு இணைத்தேன். பெயர், வயது, உயரம், எடை என்று வரிசையாகக் கேட்டது. நானும் வரிசையாக நிரப்பினேன். வாட்ச் ஒரு முறை அதிர்ந்தது. என்னைப் புரிந்துகொண்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் 'ஓய்வு' என்ற வரி. நடந்தால் செலவாகும் கலோரியை அது 'அசைவு' என்று தனியாகக் காட்டும். நடக்காமல், பேசாமல், சும்மா கிடந்தாலும் உடம்பு தன்னை நடத்திக்கொள்ள எரிக்கிற கலோரி 'ஓய்வு' வரியில் ஏறும். எனக்கு ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட ஆயிரத்து எழுநூறு காட்டியது. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுக்கிறேன். எழுந்து பார்த்தால் நூற்று ஐம்பது ஏறியிருக்கிறது! இத்தனை வருடம் இதைத்தானே எல்லாரும் சோம்பேறித்தனம் என்று சொன்னார்கள்? படுத்தபடியே உழைத்திருக்கிறேன், ஒருத்தருக்கும் தெரியவில்லை.

"மேரி, இங்க பாரு. சும்மா இருந்ததுக்கே நூத்தம்பது."

"அது உத்தேசமாச் சொல்றதுங்க. உங்க உடம்புக்குள்ள போயா பாத்துச்சு?"

உத்தேசமா! புள்ளி பிசகாமல் எண் காட்டுகிற பொருளைப் பார்த்து இவள் உத்தேசம் என்கிறாள். எனக்கு அவள் மேல்தான் சந்தேகம் வந்தது.

நாற்பது பக்க நோட்டு ஒன்று போட்டேன். வாட்ச் காட்டும் மொத்தத்தில் முந்நூறைக் கழித்து, மிச்சத்துக்கு மட்டும் சாப்பிடுவது என்று திட்டம். இட்லி இத்தனை, சாம்பார் இத்தனை கரண்டி என்று எழுதுவேன். ராத்திரி ஏழரை மணிக்குக் கணக்கில் எழுபது மிச்சம் இருந்தால் எழுபதுக்கும் முறுக்கு சாப்பிட்டு நேர் செய்வேன். வாட்ச் அனுமதித்ததை விட்டுக்கொடுப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

இரண்டு மாதத்தில் இரண்டு கிலோவுக்கு மேல் குறைந்திருக்க வேண்டும். நோட்டில் குறைந்தது. உடம்பில் ஒரு கிலோ கூடியிருந்தது.

கணக்கு தப்பாக இருக்க முடியாது, ஏனென்றால் போட்டவன் நான். வாட்ச் தப்பாக இருக்க முடியாது, ஏனென்றால் அது வாட்ச். ஆகவே யாரோ எனக்குத் தெரியாமல் என் சாப்பாட்டில் கலோரி கலக்கிறார்கள். எண்ணெய் பாட்டிலில் பேனாவால் கோடு போட்டு வைத்தேன். மறுநாள் அந்தக் கோட்டுக்குக் கீழே மேரியின் கையெழுத்தில் தேதியும், "பார்த்தேன்" என்ற சொல்லும் இருந்தன.

அடுத்து வீட்டு எடை மெஷினைச் சந்தேகப்பட்டேன். அப்போது குறுவை அறுவடை நடந்துகொண்டிருந்தது. ஊருக்கு வெளியே ஒரு நெல் வியாபாரியின் கொட்டகையில் மூட்டை போடும் பெரிய எலக்ட்ரானிக் தராசு இருந்தது. நெல்லுக்குப் பொய் சொல்லாத தராசு எனக்கு மட்டும் ஏன் சொல்லப் போகிறது என்று ஸ்கூட்டரை அங்கே விட்டேன். மூட்டைகளோடு நின்றவர்களுக்கு நடுவில் புகுந்து ஏறினேன்.

எடை போடுகிறவர் எண்ணைப் பார்த்துவிட்டு, "சட்டை பேன்ட்டுக்கு ஒரு கிலோ கழிச்சுக்கங்க சார். சாக்குக்குக் கழிக்கிற மாதிரிதான்" என்றார்.

பின்னால் நின்ற விவசாயி ஒருவர் வியர்வையில் நனைந்திருந்த என் சட்டையைப் பார்த்து, "ஈரம் பாத்தீங்களா? இவ்வளவு ஈரத்தோட எடுக்க மாட்டாங்க. ஒரு நாள் காயப்போட்டு எடுத்துட்டு வரச் சொல்லுங்க" என்றார்.

கொட்டகையே சிரித்தது. எடை மட்டும் மாறவில்லை. வீட்டு மெஷின் நிரபராதி.

இந்த நிலைமையில்தான் என் மாமனார் வந்து சேர்ந்தார். சவரிமுத்து என்று பெயர். திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் நாலு ஏக்கர் வைத்து விவசாயம் பார்க்கிறவர். வலது கண்ணில் கண்புரை ஆபரேஷன் முடிந்து, மறுபடி டாக்டர் பார்க்கும் வரை பத்து நாள் எங்கள் வீட்டில் தங்கினார். குனியக் கூடாது, தலைக்குக் குளிக்கக் கூடாது, டி.வி., போன் எதையும் உற்றுப் பார்க்கக் கூடாது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருப்பார். நானும் மேரியும் வேலைக்குப் போய்விடுவோம். மதியம் ஒரு முறை அவள் வந்து, சோறு போட்டு, கண்ணில் சொட்டு மருந்து விட்டுவிட்டுப் போவாள். மற்றபடி வீட்டில் அவர் ஒருவர்தான். அவருக்கு வேலையும் ஒன்றுதான்: ஓய்வு.

ஒரு புதன்கிழமை குளிக்கும்போது வாட்சைக் கழற்றி ஃப்ரிட்ஜ் மேல் வைத்தவன், அப்படியே மறந்துவிட்டுப் பள்ளிக்கூடம் போய்விட்டேன். காலை எட்டு மணிக்குக் கழற்றும்போது 'ஓய்வு' வரியில் 566 இருந்தது. பார்த்து, நோட்டில் எழுதிவிட்டுத்தான் கழற்றினேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்து எடுத்துப் பார்க்கிறேன்: 1204.

இரண்டு தடவை கழித்துப் பார்த்தேன். அறுநூற்று முப்பத்தெட்டு. நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். வாட்ச் வீட்டில் இருந்தது. அப்படியானால் இந்த அறுநூற்று முப்பத்தெட்டு யாருடையது?

ஒரு சாதாரண மனிதன் அந்த நிமிடம் வாட்சைச் சந்தேகப்பட்டிருப்பான். நான் மெதுவாகத் தலையைத் திருப்பி நாற்காலியைப் பார்த்தேன். மாமனார் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் அசையாமல் சாய்ந்திருந்தார். கலோரி எரிக்கிறவரின் அடக்கம் அவர் முகத்தில் தெரிந்தது.

யாரோ என் வாட்சைப் போட்டுக்கொண்டு ஓய்வெடுத்திருக்கிறார்கள்.

சட்டென்று எல்லாம் விளங்கியது. முன்பும் பல தடவை குளிக்கும்போது கழற்றி வைத்திருக்கிறேன். அந்த நேரங்களில் எல்லாம் யார் யார் ஓய்வோ என் கணக்கில் ஏறி, அதை நம்பி நான் சாப்பிட்டிருக்கிறேன். அதனால்தான் எடை குறையவில்லை! (மாமனார் வந்து நாலே நாள்தான் ஆகிறது, எடையோ இரண்டு மாதமாகக் குறையவில்லை. இந்தச் சின்ன ஓட்டை அப்போது என் கண்ணில் படவில்லை. ஆபரேஷன் யாருக்குத் தேவைப்பட்டது என்று இப்போது யோசிக்கிறேன்.)

மறுநாள் பொறி வைத்தேன். வாட்சை வேண்டுமென்றே ஃப்ரிட்ஜ் மேல் விட்டேன். பட்டையை மூன்றாவது துளையில் மாட்டி, அதன்மேல் சாக்பீஸ் தூளை லேசாகத் தூவினேன். தொட்டால் தெரிந்துவிடும். மாலையில் வந்து பார்த்தேன். தூள் இல்லை. பட்டை அவிழ்ந்து கிடந்தது. மறுபடியும் அதே அறுநூற்று முப்பத்தெட்டு.

ஒரு கலோரி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மனிதருக்கு என்ன ஒழுங்கு என்று ஒரு பக்கம் ஆச்சரியப்பட்டேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கும் இங்கே ஒரு சந்தேகம் வந்திருக்கும். இரண்டு நாளும் ஒரே நேரத்துக்கு ஒரே எண் ஏன் என்று கேட்டிருப்பான். அவனுக்குச் சொல்லிக்கொடுக்கிறவனுக்கு வரவில்லை.

மாமனார் அருகில் போய் உட்கார்ந்தேன். "எப்படி மாமா இருக்கு கண்ணு?" என்று கேட்டபடி அவர் கையைப் பார்த்தேன். மணிக்கட்டில் வெள்ளையாகத் தூள்! (முகப்பவுடர். தலைக்குக் குளிக்க முடியாததால் கழுத்திலும் கையிலும் தாராளமாகப் போட்டிருந்தார். கழுத்தை நான் பார்க்கவில்லை.)

சனிக்கிழமை கடைசி ஆதாரம் கிடைத்தது. கடைக்குப் போய்விட்டு நான் திரும்பி வரும்போது, மாமனார் போனில் யாரிடமோ தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். செருப்பைக் கழற்றாமல் கதவருகில் நின்றேன்.

"இங்க யாருக்கும் தெரியாது. அவங்க ரெண்டு பேரும் கிளம்புனதும் போட்டுடுறேன். வர்றதுக்குள்ள நிறுத்திடுறேன். மேரிக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான், என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடும்."

சத்தமில்லாமல் உள்ளே போனேன். நோட்டைத் திறந்து அந்த வாக்கியத்தை அப்படியே எழுதிக்கொண்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்ததும் மேரியின் பீட்டர் சித்தப்பாவும் லூர்து சித்தியும் மாமனாரைப் பார்க்க ஆரஞ்சும் ஆப்பிளுமாக வந்தார்கள். சித்தப்பா மாமனாரின் தம்பி. ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் விசாரித்துத் தெரிந்துகொள்ளாமல் விடமாட்டார். காபி வந்தது. ஆபரேஷன் கதை முடிந்தது. சித்தப்பா என் பக்கம் திரும்பினார்.

"என்ன மாப்ள, வாட்செல்லாம் போட்டு நடந்தீங்களே, ஒண்ணும் இளைச்ச மாதிரித் தெரியலையே?"

இதற்காகவே காத்திருந்தேன். "இளைக்க விட்டாத்தானே சித்தப்பா" என்றேன். நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தேன். நீதிமன்றத்தில் நிற்பதுபோல் தொண்டையைச் சரிசெய்துகொண்டேன்.

"மாமா, தப்பா நினைச்சுக்காதீங்க. ஒரே ஒரு கேள்வி. நாங்க வேலைக்குப் போனதும் யாருக்கும் தெரியாம நீங்க போடுறீங்களா, இல்லையா?"

மாமனார் திடுக்கிட்டார். கறுப்புக் கண்ணாடி மெதுவாக மேரி பக்கம் திரும்பி, அவசரமாக என் பக்கம் வந்தது.

"உங்களுக்கு எப்படி மாப்ள தெரியும்?"

ஒப்புக்கொண்டுவிட்டார்! ஆதாரங்களைக் காட்டும் சிரமமே வைக்கவில்லை.

"எனக்கு எல்லாம் தெரியும். எத்தனை நாளாப் போடுறீங்க?"

"வந்ததுலேருந்துதான். தினம் இல்ல மாப்ள. ஒரு நாள் விட்டு ஒரு நாள்."

"எவ்வளவு நேரம்?"

"ரெண்டு மணி நேரம். மிஞ்சிப் போனா மூணு. காயாம இருக்கணும்ல?"

காயாமல் இருக்கணுமா? அது எனக்குப் புரியவில்லை, ஆனால் வழக்கு ஜெயித்துக்கொண்டிருந்ததால் நிறுத்தவில்லை. "ஒரு நாளைக்கு அறுநூத்து முப்பத்தெட்டு மாமா! நீங்க போட்டதெல்லாம் என் கணக்குல ஏறியிருக்கு!"

"உங்க கணக்குல எப்படி ஏறும்? மோட்டார் என் பேர்லல்ல இருக்கு?"

"மோட்டாரா?"

"வயல் மோட்டார் மாப்ள. போன்லேருந்தே போடுற மாதிரி மெஷின் மாட்டியிருக்கேன்ல. நாத்தங்கால் காய்ஞ்சுடுமேன்னு... மேரி, கோச்சுக்காதம்மா. போனைப் பாக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரு. இடது கண்ணால மட்டும்தான் பாத்தேன்."

மேரி தன் அப்பாவை முறைக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, என்னைப் பார்த்தாள். "நீங்க எதைக் கேட்டீங்க?"

என்னால் பேச்சை மாற்றியிருக்க முடியும். 'ஆமாம், மோட்டாரைத்தான் கேட்டேன்' என்று சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையே கிடையாது. ஆனால் நான் நேர்மையான முட்டாள்.

"வாட்சை" என்றேன். "மாமா என் வாட்சைப் போட்டுக்கிறார்னு..."

சித்தி வாய்மேல் கையை வைத்தார். சித்தப்பா சிரிக்கத் தொடங்கி, தன் அண்ணன் முகத்தைப் பார்த்து அடங்கினார். மாமனார் காபியை மேசைமேல் வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். சிவந்த ஒரு கண்ணும் சிவக்காத ஒரு கண்ணும் என்னைப் பார்த்தன.

"உங்க பொருளை உங்களுக்குத் தெரியாம நான் எடுத்தேன்னு நெனைச்சீங்களா மாப்ள?"

சத்தமே இல்லை அந்தக் குரலில். எனக்குத் தலைக்குள் ஏறியிருந்தது எல்லாம் அந்த ஒரு நொடியில் இறங்கியது. பதினாறு வருடமாக என் வீட்டுக்கு வெறுங்கையோடு வராத மனிதர். நான் உட்காராமல் அவர் சாப்பிட உட்கார்ந்ததில்லை. அவர் எழுந்தார்.

"பீட்டரு, நீ கார்லதானே வந்தே? என்னை ஊர்ல விட்டுடு. மேரி, அந்தப் பையை எடும்மா."

"அப்பா, நாளன்னைக்கு டாக்டர் பாக்கணும்."

"அங்கேருந்து பஸ்ல வந்துக்கிறேன்."

அந்தத் தூசியில், ஆபரேஷன் செய்த கண்ணோடு, பஸ்ஸில். நான் குறுக்கே போய் "மாமா" என்றேன். மேரி பையை எடுக்கவில்லை. நேராக என்னிடம் வந்து கையை நீட்டினாள்.

"கழட்டுங்க."

கழற்றிக் கொடுத்தேன். அதை மேசையின் நடுவில், ஆரஞ்சுப் பைக்குப் பக்கத்தில் வைத்தாள். "அப்பா, ஒரு ரெண்டு நிமிஷம் உக்காருங்க. அப்புறம் போங்க. சித்தப்பா, இதுல ஓய்வுன்னு எவ்வளவு போட்டிருக்கு?"

சித்தப்பா மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். "எழுநூத்து எழுபத்தொண்ணு."

"பாத்துக்கிட்டே இருங்க. யாரும் தொடாதீங்க."

எல்லாரும் மேசையைச் சுற்றிக் குனிந்தோம். மாமனார் மட்டும் நின்றபடியே ஒற்றைக் கண்ணால் எட்டிப் பார்த்தார். ஒரு நிமிடம் கூட ஆகியிருக்காது.

"எழுபத்திரெண்டு!" என்று சித்தப்பா கத்தினார். "ஏறுது! மேசைக்கு ஏறுது!"

"மேசை சும்மாத்தானே நிக்குது" என்றார் சித்தி.

மேரி என் நோட்டில் தேதியைப் பார்த்துவிட்டு, வாட்சைக் கையில் எடுத்து இன்னொரு பக்கத்தைத் திறந்து என் மூக்குக்கு நேராக நீட்டினாள். "இது புதன்கிழமை நாடித்துடிப்பு. எட்டு மணிலேருந்து அஞ்சு மணி வரைக்கும் வெறுமையா இருக்கு பாருங்க. எங்கப்பா போட்டிருந்தா துடிப்பு காட்டணுமா இல்லையா? செத்துப்போயா ஓய்வெடுத்தாரு?"

நான் நோட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"வியாழக்கிழமை அதுமேல கெடந்த சாக்பீஸ் தூளைத் தொடச்சதும் நான்தான். பட்டையைக் கழட்டித் தொடச்சேன். ஃப்ரிட்ஜ் மேல ஏன் சாக்பீஸ்னு நான் யோசிக்கவே இல்ல. இந்த வீட்டுல அதெல்லாம் கேட்டா வேலைக்குப் போக முடியாது."

பிறகு, நோயாளியின் சொந்தக்காரர்களுக்குச் சொல்வதுபோல் எல்லாருக்குமாகச் சொன்னாள். "ஓய்வுக் கலோரியை இது கையிலேருந்து அளக்குறது இல்ல. நாம முதல்ல குடுத்தோமே வயசு, உயரம், எடை, அதை வெச்சு ஒரு கணக்குப் போட்டு நிமிஷத்துக்கு இவ்வளவுன்னு ஏத்திக்கிட்டே போகும். போட்டாலும் ஏறும், போடாட்டியும் ஏறும். ஒரே வயசு, ஒரே எடையில ரெண்டு பேர் இருந்தாக் கூட ரெண்டு பேருக்கும் வேற வேறயா இருக்கும். அதான் உத்தேசம்னு சொன்னேன்."

"அப்ப நாம குடுக்குற விவரம் சரியா இருந்தாத்தானே உத்தேசமாவது சரியா வரும்?" என்றார் சித்தப்பா. ரயில்வேக்காரர். "மாப்ள என்ன குடுத்திருக்காருன்னு பாரேன்."

"வேண்டாம்" என்றேன். அவசரமாகச் சொல்லிவிட்டேன். அந்த அறையில் இருந்த நாலு பேரும் ஒரே நேரத்தில் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். சந்தேகப்படுகிற பக்கமே நின்று பழகியவனுக்கு அந்தப் பார்வை எப்படிச் சுட்டது என்று சொல்ல முடியாது.

மேரி என் போனை எடுத்துத் திறந்தாள். "வயசு சரி. எடை சரி. உயரம் நூத்தி எழுபத்தஞ்சு."

"அடியில சொல்லு" என்றார் மாமனார்.

"அஞ்சு அடி ஒம்பது அங்குலம்பா."

மாமனார் என்னை உச்சியிலிருந்து பாதம் வரை பார்த்தார். பிறகு பாதத்திலிருந்து உச்சி வரை. "அளவுகோல் எடுங்க" என்று சொல்லாத குறை. "மாப்ள, அந்தக் கதவுகிட்ட போய் நில்லுங்க" என்றார்.

இங்கே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் உயரம் ஐந்து அடி ஐந்து அங்குலம். கல்யாணத்துக்குப் பெண் தேடியபோது என் பயோடேட்டாவில் ஐந்து ஒன்பது என்று எழுதினேன். மேரி ஐந்து நாலு என்று தெரிந்ததும் ஏற்பட்ட பயத்தில் செய்தது. அதற்கப்புறம் பதினாறு வருடம் அந்த நாலு அங்குலத்தைக் காப்பாற்றியாக வேண்டியிருந்தது. வாட்ச் உயரம் கேட்டபோது மேரி பக்கத்தில் இருந்தாளே, வேறு எதை நிரப்ப முடியும்?

கதவு நிலையில் நின்றேன். சித்தப்பா என் தலைமேல் நோட்டை வைத்து (ஆமாம், என் நோட்டையே) பென்சிலால் கோடு போட்டார். மேரியின் தையல் பெட்டியிலிருந்து இஞ்ச் டேப் வந்தது. மாமனார் குனியக் கூடாது என்பதால் அவர் மேல்முனையைப் பிடிக்க, சித்தி கீழே பிடித்தார். "குதிகாலைத் தூக்காதீங்க மாப்ள" என்றார் சித்தி. தூக்கியிருந்தேன்.

"அஞ்சு அடி அஞ்சு அங்குலம்" என்று படித்தார் மாமனார். "அறுபத்தஞ்சு அங்குலம்."

மேரி சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கல்யாணத்தன்றே தெரியுமாம். செருப்பைக் கழற்றிவிட்டுக் கோயில் பீடத்துக்கு முன்னால் நின்றபோதே தெரிந்ததாம். "நீங்களாச் சொல்வீங்கன்னு பாத்தேன்" என்றாள்.

மாமனார் மட்டும் சிரிக்கவில்லை. டேப்பைச் சுருட்டியபடி நாற்காலியில் உட்கார்ந்தார். போகவில்லை, அதுவே எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. "பீட்டரு, நடராஜனை நெனைச்சுப் பாத்தியா?" என்றார்.

சித்தப்பாவின் முகம் மாறியது. "அட ஆமாண்ணே!"

நடராஜன் என்பவர் திருக்காட்டுப்பள்ளிக் கடைத்தெருவில் டெய்லர். மாமனாரோடு பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவர். என் கல்யாணக் கோட்டை அவர்தான் தைத்தார். அளவெடுக்க நேரில் வரச் சொன்னார்கள். போனால் குட்டு உடைந்துவிடும் என்று, பரீட்சை வேலை இருக்கிறது என்று சாக்குச் சொல்லி, ஐந்து ஒன்பது ஆளுக்கு ஏற்ற மாதிரி அளவுகளை எழுதி அனுப்பினேன். கல்யாணத்தன்று கோட்டின் கை என் விரல்நுனி வரை வந்தது. டெய்லர் கெடுத்துவிட்டார் என்று எங்கள் வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். நானும் அழுத்தமாகச் சொன்னேன்.

"அவன் கடைக்கே போயி சத்தம் போட்டேன்" என்றார் மாமனார். "எழுதிக் குடுத்த அளவுக்குத்தான் தெச்சேன், சீட்டைப் பாருன்னு அவன் அழாத குறையாச் சொன்னான். எங்க மாப்ள வாத்தியாரு, தப்பா எழுதுவாரான்னு கேட்டுட்டு வந்துட்டேன். பதினாறு வருஷமா அவன்கிட்ட பேசல."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஒரு நாளில் இரண்டு நிரபராதிகள். ஒருவர் மேல் பழி அன்றைக்குப் போட்டது, இன்னொருவர் மேல் போட்டுப் பதினாறு வருடம் ஆகியிருந்தது.

"மாமா, என்னை மன்னிச்சுடுங்க" என்றேன். "ரெண்டுக்கும்."

"வாட்சுக்கு விட்டுட்டேன்" என்றார் அவர். "இன்னொண்ணுக்கு நீங்க என்கிட்ட கேக்கக் கூடாது. டாக்டர் கண்ணைப் பாத்து சரின்னு சொன்னதும் கெளம்புங்க, போவோம்."

கண் சரியானதும் போனோம். நடராஜன் தையல் மெஷினில் குனிந்திருந்தார். மாமனாரைப் பார்த்ததும் மிதிப்பதை நிறுத்தினார். எழுந்திருக்கவில்லை. கடைக்குள் துணி வெட்டிக்கொண்டிருந்தவரும் கத்தரியை நிறுத்திவிட்டார்.

"நடராஜா" என்றார் மாமனார், "மாப்ளைக்கு அளவெடு."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து, தோள், கை, மார்பு, கால் என்று ஒவ்வொன்றாக அளந்து சத்தமாகச் சொன்னார். ஒவ்வொரு எண்ணுக்கும் மாமனார் தலையாட்டினார். எல்லாம் முடிந்ததும் டேப்பை மறுபடி கழுத்தில் போட்டுக்கொண்டு கேட்டார்:

"இந்தத் தடவை மாப்ள எழுதிக் குடுக்கலையா?"

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் எதிர்க் கடைக்கு மூன்று டீ சொன்னார். மூன்று என்று சொன்னதும் எனக்கு உயிர் வந்தது. அவர்கள் இருவரும் பழைய பள்ளிக்கூடக் கதை பேசத் தொடங்கினார்கள். நான் அங்கே இருப்பதையே அரை மணி நேரம் மறந்துவிட்டார்கள். அவ்வளவு சந்தோஷமாக நான் யாராலும் மறக்கப்பட்டதில்லை.

வாட்சில் உயரத்தைத் திருத்தினேன். ஓய்வுக் கணக்கு ஒரு நாளைக்கு அறுபது சொச்சம் குறைந்தது. அதாவது ஒரு இட்லி. என்னுடைய நாலு அங்குலப் பொய் தினமும் ஒரு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தது. மற்ற கலோரி எங்கிருந்து வந்தது என்று மேரி ஆராய்ந்தாள். ஆசிரியர் அறையில் நின்றுகொண்டு சாப்பிட்ட வடைகளை நான் எழுதியதே இல்லை. கரும்பலகையில் நான் கையை வீசி எழுதுவதையெல்லாம் வாட்ச் நடை என்று எடுத்துக்கொண்டிருந்தது. நோட்டை மூடினேன். ராத்திரி சோற்றைக் குறைத்து, சாயங்காலம் நடந்தேன். ஒரு வருடத்தில் ஆறு கிலோ குறைந்தது. (மேரி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதில் அவள் நர்ஸ் அல்ல, டாக்டர்.)

போன மாதம் பீட்டர் சித்தப்பாவின் பெண்ணுக்கு ஒரு வரன் வந்தது. கும்பகோணத்துப் பையன், பாங்கில் வேலை. பயோடேட்டாவைச் சித்தப்பா சத்தமாகப் படித்தார். "உயரம் அஞ்சு அடி பத்து அங்குலம்" என்ற இடத்தில் நிறுத்தினார். அறையில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். மாமனார் போனை எடுத்தார்.

மாப்பிள்ளை வீடு பார்க்கப் போன காரில், முன் சீட்டில், டேப்போடு நடராஜன் உட்கார்ந்திருந்தார். எங்கள் குடும்பத்தில் இப்போது அப்படித்தான். அந்த வீட்டில் பலகாரம் சாப்பிட்டு முடித்ததும், கல்யாணச் சட்டைக்கு இப்போதே அளவெடுத்துவிடுவோம் என்று சொல்லிப் பையனை நிற்கவைத்தார்கள். பாவம், அவனும் ஏதோ எங்கள் ஊர் வழக்கம் என்று நினைத்து நிமிர்ந்து நின்றான். நடராஜன் டேப்பை உச்சியிலிருந்து விட்டார், கீழே பார்த்தார், மறுபடியும் ஒரு முறை அளந்தார்.

"சரியா அஞ்சு பத்து" என்றார் மாமனாரிடம்.

பிறகு டேப்பைச் சுருட்டிக்கொண்டே என் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்கக் கூடாது என்பதுபோல் குனிந்து, ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"இப்படியும் ஆளுங்க இருக்காங்க, சார்."